நானும் வரேன், கிளாஸும் வரும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எங்கள் ஜோகுபாளையம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு, மறக்க முடியாத ஒரு மனிதரைப் பற்றி ஆளுக்கொன்று எழுதித் தரவேண்டும் என்று என் சிநேகிதன் தேவராஜ் போன மாதமே சொல்லிவிட்டான். பத்திரிகை முழுவதையும் அழகான கையெழுத்தில் படி எடுப்பவன் அவன்தான். மற்றவர்கள் தங்கள் மாமாவைப் பற்றியும் மடத்துச் சாமியாரைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் டாக்கீஸ் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவன். காகிதத்தைக் கிழித்துப் பழகிய கைக்கு அதன்மேல் எழுதுவது பாவமாகப் படுகிறது. போதாததற்கு எட்டாம் கிளாஸில் பெயிலாகிக் கோட் அடித்தவன். நான் ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதினால் ஊரே சிரிக்கும் என்று சும்மா இருந்தேன். அப்புறம் யோசித்தேன். சிரிக்கட்டுமே, என்னைப் பார்த்து ஊர் சிரிக்காத நாள் எது?

அவர் எங்களுக்குக் கணக்கு வாத்தியார். ஒல்லி. முழங்கால் வரை தொங்கும் மூடிய கழுத்துக் கோட்டு. அதற்குள் இன்னொரு வாத்தியார் வாடகைக்குக் குடியிருக்கலாம் என்று நான் சொல்வதுண்டு. தலையில் முண்டாசு. மற்ற வாத்தியார்கள் கக்கத்தில் குடை வைத்திருப்பார்கள். இவர் கக்கத்தில் கரும்பலகை வைத்திருப்பார். மரப்பலகை இல்லை, பாய் மாதிரி சுருட்டி எடுத்துப் போகிற துணிப்பலகை. மழை வந்தால் அதையே தலைக்குப் பிடித்துக்கொள்வார். மறுநாள் அதில் சாக்பீஸ் எழுதாது. எங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று பார்த்தால், அன்றைக்கு வாய்க்கணக்கு.

பலகையை ஏன் சுமந்துகொண்டு அலைந்தார் என்று தெரிய வேண்டுமானால் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும்.

அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடம். நடத்தியவர், தண்டு என்கிற கன்டோன்மென்டில் இருந்த பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் சப்ளை செய்த கான்ட்ராக்டர். நல்ல மனுஷர், தர்மத்துக்காகத்தான் பள்ளிக்கூடம் வைத்தார். ஆனால் கூலிக்கு ஆள் வைத்தே பழகியவர். சம்பளம் வாங்குகிற ஆள் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. பாடம் நடத்துவது அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே கிளாஸ் பாதியில் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் அனுப்பி பியூன் பெருமாள் வந்து கதவில் சாய்வான். "சார், எச்செம் கூப்பிடறாரு." அப்படிப் போன வாத்தியார் அன்றைக்குத் திரும்பமாட்டார். துரை காரில் போகிறார் என்றால் ரோட்டோரம் கொடி பிடிக்க வாத்தியார். தர்ம நாடகத்துக்கு டிக்கெட் விற்க வாத்தியார். பிளேக் ஊசி போட டாக்டர் வந்தால், கட்டிலுக்கடியில் ஒளிந்த ஜனங்களைக் கெஞ்சிக் கூட்டிவர வாத்தியார். ஜனக்கணக்கு எடுக்கிற வருஷம் வந்தால் வீட்டு வாசலில் நம்பர் எழுதவும் வாத்தியார். எங்கள் சரித்திர வாத்தியாரின் கதையைக் கேளுங்கள். அசோகர் சாலையோரம் மரம் நட்டுக்கொண்டிருந்தபோது பெருமாள் வந்து கூப்பிட்டான். வாத்தியார் போனார். போனவர் கான்ட்ராக்டரின் வீடுகளுக்கு வாடகை வசூலிக்கிறவராகவே ஆகிவிட்டார். எங்களைப் பொறுத்தவரை அசோகர் இன்னும் மரம்தான் நட்டுக்கொண்டிருக்கிறார்.

கணக்கு வாத்தியாரையும் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் வேலை போய்விடும். சாக்பீஸைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பெருமாளைப் பார்ப்பார்.

"நானும் வரேன், கிளாஸும் வரும்னு போய்ச் சொல்லு."

பலகையை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டுவார். "எழுந்திருங்கப்பா பெரிய மனுஷங்களா. மீதிக் கணக்கு அங்க."

அவ்வளவுதான். இரண்டு வரிசையாக நாங்கள் ரோட்டில் நடப்போம். கொடி பிடிக்கப் போன அன்றைக்கு, தூங்குமூஞ்சி மரத்தில் பலகையை மாட்டி, ஆளும் வேலையும் கணக்கு நடத்தினார். பத்து ஆட்கள் வெட்டுகிற குளத்தை ஆறு ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது துரையின் கார் வந்தது. ஒருவரும் எழவில்லை. எங்கள் எச்செம் மட்டும் தனியாக நின்று இரண்டு கையிலும் கொடி ஆட்டினார். துரையும் தொப்பியைத் தூக்கினார். குளத்தை நாங்கள் வெட்டி முடிக்கவில்லை.

வீட்டு நம்பர் எழுதப் போன இடத்தில் முனிசிபல் குமாஸ்தா ஒருத்தர், கன்னடக்காரர், எங்களைப் பார்த்து அரண்டுபோனார். இத்தனை பிள்ளைகள் எதற்கு என்று கேட்டார்.

"ஏன் மேஷ்ட்ரே இது? இஷ்டு ஹுடுகரு யாக்கே?"

"கிளாசு நடீதா இதே சுவாமி", கிளாஸ் நடக்கிறது என்றார் வாத்தியார், என்னமோ அந்தத் தெருவே பள்ளிக்கூடம், குமாஸ்தாதான் வழிதப்பி உள்ளே வந்துவிட்டவர் என்கிற மாதிரி.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணம். இரண்டாவது பெண்ணுக்கு, பள்ளிக்கூடம் உள்ள நாளில் முகூர்த்தம். வாத்தியார்கள் எல்லாரும் வந்து சந்தனம் கொடுக்கவும் பந்தி விசாரிக்கவும் வேண்டும் என்று உத்தரவு. மற்றவர்கள் சலவைக் கோட்டில் வந்தார்கள். இவர் எங்களோடு வந்தார். பந்தல் காலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் பலகை தொங்கியது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் நாங்கள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் எங்களைப் பெண் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். "பாவம், குழந்தைங்க எவ்ளோ நேரமா வரிசையா உக்காந்திருக்காங்க. முதல்ல இவங்களுக்கு இலை போடுங்கப்பா" என்றார். வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்கள். முதல் பந்தி எட்டாம் கிளாஸ். மாப்பிள்ளையின் தாய்மாமன் தூணோடு தூணாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்ட்ராக்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்ன சார் இது அநியாயம்? கல்யாண வீட்ல போய்!"

"கிளாஸ் டைம் சார். நான் இங்க இருக்கணும்னீங்க. நான் இருக்கற இடத்துலதானே பையனுங்க இருப்பாங்க?"

"உங்கள விசாரிக்கவா சொன்னேன், திங்கவா சொன்னேன்?"

"நான் சாப்பிடல சார்" என்றார் வாத்தியார்.

அது நிஜம். அன்றைக்கு அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் அவர் பங்கு ஜாங்கிரியையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவருக்கு அழைப்பு வரவில்லை.

இப்படிச் சொன்னால் ரொம்ப இனிமையான மனுஷர் என்று நினைப்பீர்கள். இல்லை. கதை சொல்லமாட்டார், சிரிக்கமாட்டார். காதைத் திருகினால் திருகிய காது சாயங்காலம் வரை தனியாகச் சுடும். அவரைவிட நன்றாகக் கணக்கு சொல்லித்தரத் தெரிந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார். என்ன பிரயோசனம், அவர் நாடக டிக்கெட் விற்கப் போயிருந்தார்.

அவருடைய பிடிவாதம் அடுத்தவர்களிடம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் அவர் மைத்துனர் மூச்சிரைக்க வந்து கதவில் நின்றார். "அத்தான், அக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. கொஞ்சம் கஷ்டமாத்தான் ஆச்சு. உங்களக் கேக்கறா." வாத்தியார் பலகையில் ஒரு நீண்ட வகுத்தலின் நடுவில் இருந்தார். "சரி, நீ போ. இதோ" என்றார். வகுத்தலை முடித்தார். மீதி வந்தது. மீதி ஏன் வந்தது என்று விளக்கினார். மணி அடித்த பிறகுதான் போனார். அந்த அம்மாள் ரொம்ப நாள் கழித்தும் குழாயடியில் இதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். "நான் செத்துப் பொழைச்சுக் கெடக்கறேன். அவருக்கு மீதிதான் பெருசாப் போச்சு." என் அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து, "இவனெல்லாம் ஒரு மனுஷனாடா?" என்று என்னிடம் கேட்டாள்.

யுத்தம் வந்தது. தண்டு முழுக்க சோல்ஜர்கள். அரிசி, சர்க்கரை, சீமெண்ணெய் எல்லாவற்றுக்கும் கார்டு வந்தது. வீடு வீடாகப் போய் எத்தனை தலை என்று எண்ணி ரேஷன் கார்டு எழுத ஆள் வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். புல் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம். நம்முடைய கான்ட்ராக்டர் மார்பில் கைவைத்து, "எங்க வாத்தியாருங்க எல்லாரையும் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு எட்டாம் கிளாஸ் சர்க்கார் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அது ஒரு பொருட்டில்லை. தேவராஜுக்கு அப்படியில்லை. அவன் அப்பா ஒரு பங்களாவில் குதிரைக்காரர். குதிரை உதைத்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் இருந்த அவன் சித்தப்பா, எட்டாவது பாஸ் பண்ணிவிட்டு வந்தால் உள்ளே சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். கோட் அடித்தால் லிங்கராஜபுரம் பக்கம் செங்கல் சூளை. கணக்கில் தேவராஜ் எனக்கு அடுத்த வீடு, அவ்வளவு மோசம்.

இந்தத் தடவை கான்ட்ராக்டரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கல்யாணப் பந்தியை அவர் மறக்கவில்லை. எச்செம் ரூமில் அவர் போட்ட சத்தம் எங்கள் கிளாஸ் வரை கேட்டது.

"நாளைலேர்ந்து காலைல எட்டு மணிக்குத் தெருவுல இருக்கணும். தனியா! பசங்களக் கூட்டிட்டுப் போனீங்கன்னா அப்படியே போயிடுங்க சார். திரும்பி வரவேணாம்."

வாத்தியார் வந்தார். விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார். மணி அடித்ததும், "நாளைலேர்ந்து நான் வரமாட்டேன். நீங்களா போட்டுப் பாருங்க" என்றார்.

தேவராஜ் எழுந்து நின்றான். "சார், தசமம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்."

வாத்தியார் அவனைப் பார்த்தார், கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். வீட்டில் வயதான அம்மா, மனைவி, சின்னதும் பெரிதுமாகக் குழந்தைகள். சாக்பீஸைக் கோட்டுப் பையில் போட்டு, பலகையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து கல்லெறிந்துகொண்டிருந்தோம். எனக்கு ஒன்று தோன்றியது. நல்ல காரியத்துக்கு என் மூளை வேலை செய்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

"டேய், அவர் நம்மளக் கூட்டிட்டுப் போகக் கூடாது. நாம நம்ம வீட்ல இருக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"ஆஜர் போயிடுமேடா" என்றான் தேவராஜ்.

"ஆஜர் எடுக்க அங்க யாருடா இருக்கா? எல்லா வாத்தியும் தெருவுலதானே இருக்கான்!"

மறுநாள் காலையில் அவர் தனக்கு ஒதுக்கிய எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். பலகை இல்லாமல் அவரைப் பார்க்க ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது. முதல் வீட்டுப் படியில் அந்த வீட்டுப் பையன் ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த படியில் இன்னொருத்தன். அதற்கடுத்ததில் நான். தெருக்கோடி வரைக்கும் படிக்கு ஒரு ஸ்லேட். லிங்கராஜபுரத்துப் பையன்கள்கூட வந்து, தெரிந்த வீட்டுப் படிகளில் இடம் பிடித்திருந்தார்கள். வாத்தியார் முண்டாசைத் தூக்கிவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏம்ப்பா, ஸ்கூலுக்குப் போகல?"

"காய்ச்சல் சார்" என்றான் முதல் பையன்.

"உனக்கு?"

"காய்ச்சல் சார்."

"எல்லாருக்குமா?"

"தசமம் வராததால வந்த காய்ச்சல் சார்" என்றேன் நான்.

என் தமாஷுக்கு அவர் என்றைக்கும் சிரித்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, "ஸ்லேட்டக் குடு" என்றார்.

அப்படித்தான் நாங்கள் தசமம் படித்தோம். ஒரு வீட்டில் தலையை எண்ணுவார், ஒரு கணக்கு போடுவார். நாங்கள் அதைச் செய்வதற்குள் அடுத்த வீட்டில் தலையை எண்ணுவார். கூடுதலாக உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்துவிட்டு என் அம்மா, "இவனுங்களையும் எங்க கார்டுல சேத்து எழுதுங்க வாத்தியாரய்யா, சர்க்கரை கூட வரும்" என்றாள். "கணக்கு கணக்காத்தான் இருக்கணும்மா" என்று மறுத்துவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு அவர்மேல் இன்னும் கோபம்.

கோபத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வேலை நத்தையாக நகர்ந்தது. மற்ற வாத்தியார்கள் இரண்டு தெரு முடித்தபோது இவர் பாதித் தெருவில் இருந்தார். கார்டு இல்லாதவர்களுக்கு அடுத்த வாரத்திலிருந்து அரிசி கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு நாள் பின்தெருப் பெண்கள் கும்பலாக வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் என் அம்மாதான். எங்கள் கார்டும் முடியவில்லை. அப்பா கைநாட்டு வைக்கவேண்டும், அப்பா பகலில் வீட்டில் இருப்பதில்லை.

"ஏன் வாத்தியாரய்யா, புள்ளி வச்ச கணக்கை வேகவச்சா சோறாகுமா? நாங்க அரிசிக்கு நிக்கறோம், நீங்க பசங்களோட உக்காந்து வெளையாடறீங்களே!"

வாத்தியார் எழுந்து நின்றார். "நீங்க கேக்கறது ஞாயம்தாம்மா. அரிசியும் அவசரம், இவனுங்களும் அவசரம். ரெண்டையும் ஒரே பகல்ல ஒரே ஆள் செய்யணும்னு நான் கேட்டு வாங்கல."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு ஜட்கா வந்து நின்றது. கான்ட்ராக்டர் இறங்கினார். அன்று காலையில் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து, எட்டாம் கிளாஸில் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு, சர்க்கார் உதவித்தொகை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாராம். கான்ட்ராக்டர் முகம் ஜட்காக் குதிரையின் முகத்தைவிட நீளமாக இருந்தது.

"பசங்கள இழுத்துட்டு வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இழுத்துட்டு வரல சார். அவங்கவங்க வீட்ல இருக்காங்க."

நான் இருமினேன். "நீ யார்டா?" என்றார்.

"காய்ச்சல்காரன் சார்."

"முருகேசா, வாய மூடு" என்றார் வாத்தியார். என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கார்டுக் கட்டைப் படியில் வைத்தார். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சார், எனக்கு வேலை வேணும். அது உங்களுக்கும் தெரியும். கார்டு எழுதறேன், வீடு எண்ணறேன், புல்லு வண்டி எண்ணச் சொன்னாலும் எண்ணறேன். ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல. நாலு மணி வரைக்கும் நான் இவனுங்களோட ஆளு. அது முடியாதுன்னா இங்கயே சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்."

தேவராஜ் ஸ்லேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"சர்க்கார் வேலை சார் இது!" என்று கத்தினார் கான்ட்ராக்டர். "நீங்க சொல்ற நேரத்துக்கு நடக்குமா? காலைலேர்ந்து எழுதினாத்தான் முடியும்."

"காலைல யாருங்க இருக்கா இங்க?" என்றாள் என் அம்மா.

கான்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்பளைங்கல்லாம் டிப்போவுக்கும் சூளைக்கும் போயிடறாங்க. கைநாட்டு வைக்க வீட்டுக்காரர் வேணும்னு சொல்றீங்க. எத்தினி வாட்டி வந்தாலும் எங்க கார்டு முடியல. சாயங்காலமா வரச் சொல்லுங்க, எல்லாத் தலையும் வீட்ல இருக்கும், ஒரே வாட்டில எண்ணிட்டுப் போலாம்."

"ஆமாங்க, எங்க வீட்லயும் அதே கதைதான்" என்றாள் ஒருத்தி. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஜட்காக்காரன்கூடச் சாட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக் கார்டும் அப்படித்தான் நிக்குது மொதலாளி" என்றான்.

அம்மா வாத்தியாருக்காகப் பேசினாள் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசிக்காகப் பேசினாள். ஆனால் கான்ட்ராக்டர் வியாபாரி. பகலில் ஆளை அனுப்பினால் காரியம் நடக்கவில்லை, பள்ளிக்கூட உதவித்தொகையும் போகும் என்பது அவருக்கு எங்கள் எல்லாரையும்விட வேகமாக விளங்கிவிட்டது.

"சரி. மணி அடிக்கற வரைக்கும் யாரையும் எதுக்கும் கூப்பிட வேணாம்னு எச்செம்கிட்ட சொல்லிடறேன். உங்கள மட்டும் இல்ல, எல்லா வாத்தியாரையும்தான். ஆனா மணி அடிச்சா நீங்க என் ஆளு."

"சரிங்க சார்."

போகும்போது படியில் காலை வைத்தபடி, "பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசிக்கறேன்" என்றார். அதை எல்லாரும் கேட்டோம். வாத்தியாரும் கேட்டார்.

மறுநாள் பெருமாள் மரத்தடியில் உட்கார்ந்து பகல் முழுக்கக் கொட்டாவி விட்டான். நாலு மணி அடித்ததும் வாத்தியார்கள் எல்லாரும் கார்டுக் கட்டோடு தெருத் தெருவாகக் கிளம்பினார்கள். விளக்குக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய காலம். அந்த மங்கல் வெளிச்சத்தில் இவர் காகிதத்தை மூக்கோடு ஒட்டி வைத்து எழுதுவார். தொண்டை கட்டி, மறுநாள் கிளாஸில் குரல் வராது. பலகையில் எழுதிக் காட்டுவார். கடைக்காரர் சொன்ன கெடுவுக்குள் எங்கள் தெருக்களின் கார்டுகள் எல்லாம் முடிந்தன.

பரீட்சை வந்தது. தேவராஜ் பாஸ். கணக்கில் நானும் பாஸ், நம்பினால் நம்புங்கள். கோட் அடித்தது சரித்திரத்தில். அசோகருக்கு அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டிருந்தார்கள்.

கான்ட்ராக்டர் சொன்ன சொல் தவறாதவர். லீவு முடிந்து நான் மறுபடியும் எட்டாவதில் உட்காரப் போனபோது கணக்குக்கு வேறு ஒருத்தர் வந்திருந்தார். இவரை அடுத்த வருஷத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் தண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். கோலார் தங்கவயல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டிமேல் அந்த அம்மாள், மடியில் பெண் குழந்தை. வாத்தியார் கக்கத்தில் பலகை.

"நீங்க போயிட்டா நாலு மணியும் போயிடும் சார்" என்றேன். நான் தமாஷ் இல்லாமல் பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

"போகாது. மத்த வாத்தியாருங்க ருசி கண்டுட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரித்திர வாத்தியார் கிளாஸுக்குத் திரும்பி வந்துட்டாரு. போய் ஒழுங்கா உக்காரு" என்றார்.

கொஞ்ச நாள் உட்கார்ந்தேன். அசோகருக்கு அப்புறமும் நிறைய பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பிறகு டாக்கீஸ்காரர் ஆள் தேடினார், நான் எழுந்து போய்விட்டேன். கணக்கு வாத்தியார் மற்ற வாத்தியார்களைத் தெருவுக்குப் போகாமல் நிறுத்திவிட்டார், என்னை அவராலும் நிறுத்த முடியவில்லை.

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. மறு வருஷம் ஏதோ வசூலுக்கென்று பகலில் பெருமாளை அனுப்பிப் பார்த்தார்களாம். வாடகை வசூலித்த அதே சரித்திர வாத்தியார், "மணி அடிக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாராம். யுத்தம் முடிந்து, பட்டாளக் குதிரைகள் போய், புல் கான்ட்ராக்டும் போய்விட்டது. இப்போதும் மாட்னி ஆட்டத்துக்குக் கேட் திறக்கப் போகும்போது அந்தப் பக்கமாகத்தான் நடக்கிறேன். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வாத்தியார் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

இதை எல்லாம் எழுதி நேற்று தேவராஜிடம் கொடுத்தேன். கூட்ஸ் ஆபீஸ் வேலையாகப் போன மாதம் அவன் தங்கவயலுக்குப் போயிருந்தான். அங்கே அவர் இன்னும் பாடம் நடத்துகிறாராம், தலை மட்டும் முழுசாக நரைத்துவிட்டதாம். தேவராஜ் ஒரு மூச்சில் படித்தான். கல்யாணப் பந்தியில் சிரித்தான், ஜட்கா வந்த இடத்தில் சிரிக்கவில்லை. படித்து முடித்துப் பேனாவில் மை நிரப்ப ஆரம்பித்தபோது, இத்தனை எழுதிவிட்டு அவர் பேரை எழுதாமல் விட்டது சரியில்லை, தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டுவிடு என்றேன்.

தேவராஜ் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்: "வேணாம்டா, பேரைப் போட்டா எவனாவது பாராட்டு விழான்னு அவரைக் கூப்பிட்டு ஒரு நாள் கிளாஸைக் கெடுத்துடுவான்."